பள்ளிவாசல் ஃபோல்டரில் அமாவாசை

நசிமாவின் வலது மணிக்கட்டு உடைந்ததற்குக் காரணம் ஒரு டிபன் பாக்ஸ். கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது கால் தடுக்கியது. அந்த நேரத்தில் வேறு யாராக இருந்தாலும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்திருப்பார்கள். நசிமா டிபன் பாக்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு, சும்மா இருந்த வலது கையைத் தரையில் ஊன்றினாள். உள்ளே இருந்த மீன் குழம்பு ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. எலும்புதான் போனது.

விரல்களை மட்டும் வெளியே விட்டு முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு போட்டார்கள். வீட்டுக்காரர் சாபிருக்குப் பஞ்சர் கடை. நல்ல மனிதர். ஆனால் மனைவிக்குத் தலை பின்னிவிடச் சொன்னால், லாரியில் தார்ப்பாய் கட்டுவதுபோல இழுத்துக் கட்டினார். இரண்டு வேளை பொறுத்துப் பார்த்துவிட்டு, விருதுநகரில் இருந்த அக்காவுக்கு நசிமா போன் போட்டாள்.

அக்கா குல்சார் பேகம் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து, பிறகு வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவள். அழுகிற வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் ஜன்னலைத் திறப்பாள், அடுத்து அழுகிறவர்களை வெளியே அனுப்புவாள். சிவகாசிக்கு வந்து இறங்கியதும் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. விரல் நுனிகளை அழுத்திப் பார்த்தாள்.

"ரத்தம் ஓடுது. வெரலை அசை. ம், போதும். இனிமே மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காத."

சாப்பாடு வந்தபோது நசிமா வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். சின்ன வயதிலிருந்து வலக்கையால்தான் சாப்பிட்டுப் பழக்கம். இடக்கையால் உண்பது கூடாது என்பது வீட்டு ஒழுங்கு. குல்சார் பேகம் ஒரு ஸ்பூனை எடுத்து அவளுடைய இடக்கையில் திணித்தாள்.

"லாத்தா, எடக்கையாலயா?" என்றாள் நசிமா. அக்காவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"முடியாதவங்களுக்கு அது குத்தமில்ல. ஊட்டிவிடுறதுக்கு நீ என்ன கைப்பிள்ளையா? சாப்பிட்டு முடிச்சிட்டு அந்தப் பூண்டையும் அதே கையால உரி. கை பழகணும்."

நசிமாவுக்குக் கை வலிக்கவில்லை. அவள் கவலையெல்லாம் கம்பெனியில் அவள் உட்காரும் நாற்காலியைப் பற்றித்தான்.

அவள் வேலை பார்த்தது தினசரி காலண்டர் அடிக்கிற ஒரு கம்பெனியில். முதலாளி செல்லப்பாண்டி; ஊர் முழுக்க அவர் அண்ணாச்சி. கை உடைந்த அன்று மாலையே போனில் கூப்பிட்டிருந்தார். "நீங்க வீட்டுல நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா. எங்க அண்ணன் மக ஓவியா இருக்குல்ல, அது ரெண்டு வேலையவும் பாத்துக்கிடும்."

கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இதே இனிப்பைத்தான் முன்பு கண் ஆபரேஷனுக்குப் போன கருப்பணனுக்கும் கொடுத்தார். கருப்பணன் கண் தெளிந்து திரும்பி வந்து பார்த்த முதல் காட்சி, தன்னுடைய நாற்காலியில் வேறு ஆள். இப்போது கட்டிங் மெஷின் பக்கத்தில் நின்றபடியே தாள் அடுக்குகிறார்.

அக்கா வந்த மறுநாள் காலை, துப்பட்டாவில் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு நசிமா வேனில் ஏறிவிட்டாள். அண்ணாச்சி கட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஒத்தக் கையை வச்சுக்கிட்டு?"

"கம்ப்யூட்டருக்கு எத்தனை கைன்னு தெரியாது அண்ணாச்சி. எனக்கு ஒண்ணு போதும்."

"ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர் மாடல் ஆல்பம் போடணும். அதுக்குள்ள பழைய பார்ட்டிக அம்புட்டுப் பேருக்கும் புரூஃப் போயிரணும். இந்த நேரத்துல ஒரு தப்பு வந்தாலும் நான் தாங்க மாட்டேன். வந்துச்சு, கட்டுப் பிரிக்கிற வரைக்கும் வீடு. சேரு ஓவியாவுக்கு."

பக்கத்து மேசையில் சாமி படத்துக்கு வண்ணம் கூட்டிக்கொண்டிருந்த ஓவியா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கம்ப்யூட்டரில் படிப்பு முடித்த பெண். ஆனால் நசிமாவின் திரையில் ஒரு படமும் இல்லாமல் வெறும் எழுத்து மட்டுமே ஓடுவதைப் பார்த்தாலே அவளுக்குக் கொட்டாவி வரும். "அக்கா, எப்படியாவது சமாளிச்சிருங்க" என்று கிசுகிசுத்தாள்.

அந்த நாற்காலியின் வேலை இதுதான். காலண்டரில் ஒரு நாளைக்கு ஒரு தாள் என்றால், ஒரு நாளைக்கு ஒரு ஃபைல். பன்னிரண்டு மாதத்துக்கும் தனித்தனி ஃபோல்டர். இந்த மொத்தக் குடும்பமும் மூன்று தடவை இருந்தது, ஏனென்றால் கம்பெனி மூன்று விதமான காலண்டர் போட்டது. சர்ச் என்ற ஃபோல்டரில் வேத வசனம், பள்ளிவாசல் என்ற ஃபோல்டரில் ஹிஜ்ரி தேதியும் தொழுகை நேரமும், கோயில் என்ற ஃபோல்டரில் நட்சத்திரமும் ராகு காலமும் விரத நாட்களும். பஞ்சாங்கக்காரர் எப்போதும் கடைசியில்தான் எழுதித் தருவார் என்பதால் கோயில் ஃபோல்டரும் பட்டியலில் கடைசியில் இருந்தது.

ஜனவரி ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போக முடிந்தால் வேலை சுலபம். அங்கே அப்படி இல்லை. ஒரு பெரிய தாளில் எல்லா மாதத்து ஒன்றாம் தேதியும் சேர்ந்து ஏறும், அடுத்த தாளில் எல்லா இரண்டாம் தேதியும். அடித்த தாள்களை மொத்தமாக அடுக்கி வெட்டினால் ஒவ்வொரு மாதமும் தானாகவே தேதி வரிசையில் கட்டாகிவிடும். வெட்டுகிறவனுக்கு வசதி. நசிமாவுக்கு அலைச்சல். ஜனவரிக்குள் போய் ஒன்றாம் தேதியைத் திறந்து, தேதியும் கிழமையும் சரியா என்று பார்த்து, இது அச்சில் ஏறட்டும் என்று ஒரு குறி போட்டு, வெளியே வந்து, பிப்ரவரிக்குள் போய் மறுபடி ஒன்றாம் தேதி. நாள் முழுக்க ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஏறி இறங்கித் தபால் போடுகிறவர் மாதிரி.

இத்தனை காலமும் இதை மவுசால் செய்து வந்தாள். இடக்கையில் மவுசைப் பிடித்தபோது திரையிலிருந்த அம்பு, அறுக்கப் பிடித்த கோழிபோல மூலைக்கு மூலை ஓடியது. மார்ச்சைத் தொடப் போனால் மே திறந்தது. ஒரு தடவை மொத்த ஜூலையையும் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, ஓவியாவைக் கூப்பிட்டு வெளியே எடுத்தாள்.

மத்தியானம் மவுசைக் கவிழ்த்து வைத்தாள். ஃபைல்களைத் திறக்கிற எடிட்டர் புரோகிராமின் இடது ஓரத்தில் ஃபோல்டர் பட்டியல் எப்போதும் நிற்கும். அதன் தலையில் சின்ன எழுத்தில் கீகளின் விவரம் இருந்தது. இதுவரை அதைப் படிக்க வேண்டிய தேவை வந்ததில்லை. இப்போது படித்தாள். கீழ் அம்பை அழுத்தினால் அடுத்த பெயருக்குப் போகும். எண்டரைத் தட்டினால் ஃபோல்டருக்குள் போகலாம். கழித்தல் கீயைத் தட்டினால், இருக்கிற ஃபோல்டரை விட்டு வெளியே வந்து, அதன் பெயரிலேயே நிற்கும். அவ்வளவுதான்.

கழித்தல், கீழ் அம்பு, எண்டர். வெளியே வா, அடுத்த வீடு, உள்ளே போ. தடவித் தடவி ஆரம்பித்தாள். சாயங்கால டீ வருவதற்குள் விரலுக்கு வழி பிடிபட்டுவிட்டது. மறுநாள் திரையைப் பார்க்காமலே போகத் தொடங்கினாள். தட், தட், தட் என்று ஒரே தாளத்தில் சத்தம் கேட்டது. அண்ணாச்சி கண்ணாடி அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, மாவு சலிக்கிறீகளா?"

"மார்ச்சுல இருக்கேன் அண்ணாச்சி."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் பெருமை அடித்தாள். "மவுசே வேணாம் லாத்தா. முன்னைவிட வெரசாப் போறேன்."

"வெரசாப் போயித்தான கைய ஒடிச்சே" என்றாள் குல்சார் பேகம். "தலகாணிய வச்சுக் கைய ஒசத்திப் படு."

கையை உயர்த்தி வைக்கச் சொல்லி டாக்டரும் சொல்லியிருந்தார். எனவே நசிமா ஆபீஸிலும் மாவுக்கட்டை மேசையின் மேலேயே வைத்துக்கொண்டாள். கட்டு நீளம், மேசை குட்டை. கட்டின் முனை கீபோர்டின் வலது ஓரத்தில் போய் உட்கார்ந்தது. அந்த ஓரத்தில்தான் எண்கள் உள்ள பகுதியும், அதன் மேல் மூலையில் இன்னொரு கழித்தல் கீயும் இருக்கின்றன.

விருதுநகர் தவுபிக் பாயின் பிரியாணிக் கடைக் காலண்டர் வேலை நடந்துகொண்டிருந்தபோது அது நடந்தது. தும்மல் வந்தது. கட்டு ஒரு அசை அசைந்து மூலையிலிருந்த கழித்தல் கீயை அமுக்கியது. அவள் மாதப் பட்டியலையும் தாண்டி, சர்ச், பள்ளிவாசல், கோயில் என்று மூன்றும் நிற்கிற வாசலுக்கு வந்துவிட்டாள். இடக்கை தன் பாட்டுக்குக் கீழ் அம்பையும் எண்டரையும் தட்டியது. பள்ளிவாசலிலிருந்து ஒரு படி கீழே கோயில். கோயிலுக்குள் ஜனவரி முதல் டிசம்பர் வரை அதே மாதப் பட்டியல். நசிமா தும்மலைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஒரு தட்டு குறைந்திருக்கும் என்று நினைத்து, விட்ட மாதத்தைப் பிடித்து உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு எல்லாம் கோயில். தேதி சரி, கிழமை சரி. அவள் பொறுப்பு அந்த இரண்டு வரிதான். மற்ற வரிகளை வேறு ஆள் பார்த்து முடித்தாயிற்று என்பதால் அவள் கண் கீழே இறங்குவதில்லை. வேலை முடிந்தது, அவள் குறி போட்ட ஃபைல்களை வைத்துப் புரூஃப் அடித்தார்கள். தவுபிக் பாய்க்குப் போனில் அனுப்பினால் பிடிக்காது, தாளில்தான் வேண்டும். லோடு ஏற்றிப் போன வேன் டிரைவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஓவியா நசிமாவுக்கு டீ வைக்க வந்தவள், மேசையில் கிடந்த புரூஃப் நகலை எட்டிப் பார்த்தாள்.

"நசிமாக்கா, பிரியாணிக் கடைக்கு இந்த வருஷம் ஆடு கோழி எல்லாம் பயமில்லாம வரலாம்போலயே."

"ஏன்?"

"'இன்று கிருத்திகை. விரதம். அசைவம் தவிர்க்கவும்.' அப்படித்தான் போட்டிருக்கு. மேல பெரிசா அவரு கடை பிரியாணி அண்டா படம்."

நசிமா தாளைப் பிடுங்கினாள். முதல் சில தாள்களில் பஜ்ர், லுஹர், அஸர் என்று தொழுகை நேரமெல்லாம் ஒழுங்காக இருந்தன. அதற்குப் பிறகு அமாவாசை, பிரதோஷம், சஷ்டி, புரட்டாசி சனிக்கிழமை. ஒவ்வொன்றின் கீழும் புலாலைத் தொடாதே என்கிற அறிவுரை. ஆட்டுக்கறி விற்கிற மனிதர் அதைத் தன் சொந்தச் செலவில் அச்சடித்து வாடிக்கையாளருக்கு இனாமாகக் கொடுக்கப் போகிறார்.

எந்த இடத்தில் வழி மாறியது என்று கண்டுபிடிக்க ஓவியாவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. கட்டின் முனையையும் மூலைக் கீயையும் மாறி மாறிப் பார்த்தாள். ஸ்கேலை நெம்புகோலாக வைத்து அந்தக் கீயைப் பல் பிடுங்குவதுபோலப் பிடுங்கிப் பேனா டப்பாவில் போட்டாள்.

"சித்தப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க அந்தத் தாளத் திரும்ப வாங்கிட்டு வந்துருங்க. இந்தச் சேர்ல என்னால உக்கார முடியாதுக்கா. மூணு எடத்துலயும் ஒரே பேரு. நான் முதல் நாளே தொலைஞ்சு போயிருவேன்."

கை குடைச்சல், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு நசிமா கிளம்பினாள். போனில் விஷயத்தைக் கேட்டிருந்த குல்சார் பேகம் பஸ் ஸ்டாண்டில் குடையோடு நின்றாள்.

"நீ எதுக்கு லாத்தா?"

"தவுபிக்கோட உம்மா இடுப்பு ஒடிஞ்சு கெடந்தப்ப நாந்தான பாத்தேன். அந்தப் பய என்னையப் பாத்தா கொஞ்சம் அடங்குவான். நீ போயி என்ன சொல்லப் போற?"

"நம்மளாப் போயித் தாள எடுத்துட்டு வந்துருவோம், நல்ல தாள அப்புறம் குடுத்து விடுவோம். அவரு பாத்திருக்க மாட்டாரு. கடை மும்முரத்துல யாரு காலண்டரப் படிக்கா?"

திருத்தங்கல் தாண்டி விருதுநகர் வரைக்கும் நசிமா இந்த நம்பிக்கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கடைக்குள் நுழைந்ததும் அது போய்விட்டது. மத்தியானக் கூட்டம். கல்லாவுக்கு மேலே புரூஃப் தாள்கள் கிளிப் போட்டுத் தொங்கின. பரோட்டா மாஸ்டர் ஒருவர் மாவைத் தட்டிக்கொண்டே சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். "ஐப்பசி சஷ்டி. பாய், அன்னைக்கும் மூடிற வேண்டியதுதான்!" சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எலும்பைக் கடித்தபடி சிரித்தார்கள்.

தவுபிக் பாய் தலையைத் தூக்கினார். நல்ல உயரம், வேர்த்து ஒழுகும் முகம். நசிமாவின் கட்டைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"வாங்க, வாங்க! காலண்டர் போட்டது நீங்கதான? உங்களத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். இது நியாயமா?"

"பாய், அது வந்து..."

"சில தாள்ல போட்டிருக்கீக, சில தாள்ல போடல. எதுக்கு இந்த அரைகொறை வேலை?"

நசிமா விழித்தாள். "என்னது போடல?"

"வெரதம்! அமாவாசை எனக்குத் தெரியும், மானத்தப் பாத்தாலே தெரியும். கிருத்திகை எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துக் கடையில கேட்டா அவரு ஒரு நாள் தள்ளிச் சொல்றாரு. போன கிருத்திகைக்கு அண்டா நெறையா போட்டுட்டேன். ஒருத்தரும் வரல. கடைசியில தெருவுல போறவனயெல்லாம் கையப் புடிச்சு இழுத்துச் சாப்பிட வச்சேன். இத மாதிரி முன்னமே தெரிஞ்சா அன்னைக்கு அரிசியக் கொறச்சுப் போட்டுட்டு பேசாம இருப்பேன்ல?"

நசிமாவின் வாய் திறந்தது. குல்சார் பேகம் பின்னாலிருந்து அவள் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். வாய் மூடிக்கொண்டது.

"ஆனா அந்தப் புத்திமதி வேணாம்" என்றார் தவுபிக் பாய். "அசைவம் தவிர்க்கவும்னு என் அண்டாவுக்குக் கீழயே போட்டா நான் எதுக்குக் கடை வச்சிருக்கேன்? நாளு பேரு மட்டும் சின்னதாப் போடுங்க. தொழுகை நேரத்த எடுத்துட்டீக, அதத் திரும்ப வைங்க. ரெண்டும் வேணும். அண்ணாச்சிகிட்டயும் காலைலயே போன்ல சொல்லிட்டேன்."

நசிமாவுக்கு மாவுக்கட்டுக்குள்ளேயே வேர்த்தது. "அண்ணாச்சிகிட்டயா? என்ன சொன்னாக?"

"இந்தா, நீங்களே கேளுங்க." பாய் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "அண்ணாச்சி, அந்தப் புது ஐட்டம் பத்தித்தான்..."

"ஆமா பாய்," என்றது செல்லப்பாண்டியின் குரல், வியாபாரத்துக்கென்று வைத்திருக்கிற குரல். "ரொம்ப யோசிச்சுப் போட்டது. உங்களுக்குன்னு ஸ்பெஷலா."

"நசிமாம்மா இங்கனதான் இருக்காக. அவங்ககிட்டயும் வெவரம் சொல்லிட்டேன்."

போனில் கண்ணாடி அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நசிமாம்மா."

"அண்ணாச்சி."

"ஆஸ்பத்திரி எப்ப பிரியாணிக் கடைக்கு மாறுச்சு?"

குல்சார் பேகம் குனிந்து போனைப் பார்த்துப் பேசினாள். "எலும்பு கூடணும்னா சூப்புக் குடிக்கச் சொல்லியிருக்கு அண்ணாச்சி. நான் அவ அக்கா. வந்ததுக்குக் குடிக்க வச்சு அனுப்புறேன்."

சூப்பு வந்தது. நசிமா கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். அக்கா அவள் கிண்ணத்தையும் சேர்த்துக் குடித்தாள்.

அடுத்த நாள் காலை நசிமா நாற்காலியில் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி வந்தார். கையில் புரூஃப்.

"இது எப்படி நடந்துச்சு?"

"தும்முனேன், கட்டு கீயில பட்டுருச்சு அண்ணாச்சி. பள்ளிவாசல விட்டுக் கோயிலுக்குள்ள போயிட்டேன். கவனிக்கல. என் தப்புதான்."

"தப்புன்னு நேத்து காலைலயே தெரியும். பாய் போன் போட்டதும் எனக்கு நெஞ்சடைச்சிருச்சு. அவரு பாராட்டுறாருன்னு புரியவே நேரமாச்சு." நாற்காலியைப் பார்த்தார். "ஆனா பேசுனது பேசுனதுதான். ஓவியா, இங்கன வந்து உக்காரு."

ஓவியா எழுந்திருக்கவில்லை. "சித்தப்பா, புதுசா ஒரு ஃபோல்டர் போடணும். பள்ளிவாசல்ல ஒவ்வொரு நாளையும் எடுத்து, கோயில்ல அதே நாளப் பாத்து, வெரதத்த மட்டும் பிரிச்சு ஒட்டணும். இதுல இருந்து அதுக்கு, அதுல இருந்து இதுக்கு. நான் பண்ணுனா பிரியாணிக் கடைக்கு வேத வசனம் போயிரும். பரவால்லையா?"

அண்ணாச்சிக்கு அது கட்டுப்படியாகாது. இரவோடு இரவாக அவர் கறிக்கடைக்காரர்களுக்கும் முட்டைக் கடைக்காரர்களுக்கும் போன் போட்டு, புது மாடல் வருகிறது என்று வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். சைவ மெஸ் வைத்திருக்கும் ஒருவர்கூட அதையே கேட்டாராம். அவருக்கு அந்த நாட்களில் அரிசியைக் கூட்டிப் போட வேண்டும்.

"சரி, உக்காருங்க" என்றார் நசிமாவிடம். "தப்புக்குத் தண்டனை உண்டு. ஆல்பம் வர்ற வரைக்கும் ஒரு நாள் லீவு கேக்கப்படாது."

நசிமா உட்கார்ந்தாள். சர்ச், பள்ளிவாசல், கோயில் மூன்றுக்கும் கீழே நான்காவதாக ஒன்றைத் திறந்து பிரியாணி என்று பெயர் வைத்தாள். தட், தட், தட். இப்போது ஒவ்வொரு எண்டருக்கும் முன்னால் தலையைத் தூக்கி, திரையின் உச்சியில் எந்த ஃபோல்டர் என்று எழுதியிருப்பதை வாய்விட்டுப் படித்தாள். "பள்ளிவாசல், ஜூன். கோயில், ஜூன். பள்ளிவாசல்." பக்கத்து மேசையில் ஓவியாவுக்கு அது மனப்பாடமாகி, முருகன் படத்துக்கு நீலம் கூட்டும்போதெல்லாம் தானும் முணுமுணுத்தாள்.

ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் வந்தது. பூஜை போட்டுச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். புது ஐட்டத்துக்கு ஆர்டர் குவிந்தது. குவியக் குவிய நசிமாவின் வேலையும் கூடியது. கட்டுப் பிரிக்க வேண்டிய நாள் வந்து போனது. அண்ணாச்சி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நசிமாவும் எடுக்கவில்லை, எழுந்தால் என்ன ஆகும் என்ற பழைய பயம் இன்னும் முழுக்கப் போயிருக்கவில்லை.

ஒரு நாள் காலை குல்சார் பேகமே கம்பெனிக்குள் வந்துவிட்டாள். அண்ணாச்சி கண்ணாடி அறையிலிருந்து ஓடி வந்தார்.

"அக்கா, ஒரு வாரம் பொறுங்க. ஆர்டர் நெருக்குது."

"அண்ணாச்சி, கட்டுக்குள்ள அரிப்பெடுத்து அவ உங்க ஸ்கேலை உள்ள விட்டுச் சொறியிறா. ஸ்கேலு உள்ளயே மாட்டிக்கிட்டா நீங்க வந்து எடுப்பீகளா?"

சொல்லிக்கொண்டே அவள் தங்கையின் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டாள். நசிமா இடக்கையால் ஃபைலைச் சேமித்தாள். வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். நாற்காலி காலியாகக் கிடந்தது.

"ஓவியா, உக்காந்துராத."

"அட போங்கக்கா" என்றாள் ஓவியா. எழுந்து வந்து, தன்னுடைய பையையும் தண்ணீர் பாட்டிலையும் சாப்பாட்டுக் கூடையையும் அந்த நாற்காலியில் அடுக்கி, மேலே துப்பட்டாவையும் விரித்துப் போட்டாள். "சித்தப்பாவே உக்காரணும்னு நெனச்சாலும் முடியாது. வெரசா வாங்க, கோயில்ல நவம்பர் பாதியில நிக்கிது."